இளைய நிலாவிலிருந்து அல்ஹம்ராவுக்கு

செவ்வியல் கிதார் கற்கும் மதுரை இளைஞர்களிடம், இக்கருவியின்பால் உங்களை முதன்முதலில் ஈர்த்த இசை எது என்று வினவிப் பாருங்கள். நான் வினவியவரையில் உடனே கிடைத்த விடை, பிரான்சிஸ்கோ தாரெகாவின் ‘அல்ஹம்ராவின் நினைவுகள்’ என்பது. சற்றே பேச்சை வளர்த்து, கிதாரை விலைக்கு வாங்கிய நாளில் என்ன வாசிக்க ஆசைப்பட்டீர்கள் என்று கேட்டால், தயங்கியபடி வேறொரு விடை வெளிவரும்: ‘இளைய நிலா’. முதல் விடையைச் சொல்லும்போது பெருமிதம் தெரிகிறது. இரண்டாவதைச் சொல்லும்போது கூச்சம் தெரிகிறது. உண்மை இரண்டாவதில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

நம் சமுதாயத்து இளைஞராக இருந்தால் முதல் விடையோடு ஒரு பின்னிணைப்பும் வரும். ‘அது நம்முடைய இசை. கிதாரே நம்முடையதுதான். ஸிர்யாப் கொர்தோபாவுக்குக் கொண்டுபோனது.’ இந்தப் பின்னிணைப்பை அவர்கள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் மேடைகளும் இதழ்களும் பல்லாண்டுகளாக ஊட்டியது அது. ஒரு கருவியைக் கையிலெடுக்கும் இளைஞனுக்குத் தவறான பாட்டனாரைக் காட்டி அனுப்புகிறோமோ என்னும் ஐயமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

தொடங்குமுன் ஒன்று. இசை ஆகுமானதா என்னும் பழைய வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’வில் ஸமாவுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கியதையும், கொர்தோபாவின் இப்னு ஹஸ்ம் பாடல் கேட்பதற்குச் சார்பாக எழுதியதையும், அவர்களை மறுத்தோரும் சான்றோரே என்பதையும் வாசகர்கள் அறிவர். கேட்கப்பட்டுவிட்ட இசையைப் பற்றியே என் பேச்சு.

‘இளைய நிலா’ 1982இல் வெளியான ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் பாடல். வைரமுத்து எழுத, எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாட, இளையராஜா இசையமைத்தார். அதில் கிதார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். கேட்டோர் எண்ணிக்கையைப் பார்த்தால் தமிழகத்தில் இவர் விரல்களைக் காட்டிலும் அதிகமானோரைக் கிதாரின் பக்கம் திருப்பிய விரல்கள் இருக்க முடியாது. பெயரோ, ஆர்வலர் வட்டத்துக்கு வெளியே அரிதாகவே சொல்லப்படுகிறது. நம் திரையிசையில் வாத்தியக்காரருக்கு நேரும் கதி அது.

பாடகரின் குரல் எழுவதற்கு முன்னே கிதார் தனித்து ஒலிக்கிறது. நரம்புகளை ஒருசேர வருடித் தாளம் தட்டும் கிதாரன்று அது. கட்டைவிரல் கீழ்ச்சுரத்தை ஊன்ற, மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக மேல் நரம்புகளைத் தொட்டுச் செல்லும் வாசிப்பு. குரல் வந்த பின்னும் கிதார் பின்வாங்குவதில்லை; தனக்கென ஒரு வழியில் கூடவே நடக்கிறது. அதற்கு முன் தமிழ்த் திரையில் கிதார் பெரும்பாலும் விருந்து மண்டபத்தின் கருவி. மேல்நாட்டு நாகரிகத்துக்கு அடையாளமாகக் கதாநாயகன் தோளில் மாட்டிக்கொண்டு ஆடியது. 1980இல் வந்த ‘மூடுபனி’யில் ‘என் இனிய பொன் நிலாவே’ பாடலிலும், இரண்டாண்டு கழித்து ‘இளைய நிலா’விலும் அது தனித்திருப்பவனின் கருவியாயிற்று. இரவில் மொட்டை மாடியில் ஒருவன் தனக்குத்தானே வாசித்துக்கொள்ளலாம் என்னும் எண்ணத்தை ஒரு தலைமுறைக்குத் தந்தவை இப்பாடல்கள்.

மதுரையில் கிதார் அதற்கு முன்பே இருந்தது. தேவாலயப் பாடற்குழுக்களிலும் கல்லூரி விழா மேடைகளிலும் அதைக் கண்டோர் உண்டு. ஆனால் கண்டதால் எவரும் கற்க ஓடவில்லை. தேநீர்க் கடையின் ஒலிநாடாவில், முகம் தெரியாத ஒருவர் வாசித்ததைக் கேட்டபின்தான் ஓடினார்கள். அந்த ஒலிநாடாவில் கேட்டவனுக்கு அது எஃகுக் கம்பியா, நைலான் நரம்பா என்று தெரியாது. செவ்வியல் என்னும் சொல்லும் தெரியாது. ஒரே மனிதர் ஒரே கருவியில் இரண்டு மூன்று குரல்களைப் பேசவைக்கிறார் என்னும் வியப்பு மட்டுமே அவனை இழுத்தது. செவ்வியல் கிதாரின் சாரம் அந்த வியப்புத்தான். இப்பாடலின் மெட்டு 1983இல் ‘கலாகார்’ என்னும் இந்திப் படத்திற்குப் போய், ‘நீலே நீலே அம்பர் பர்’ ஆகி, வடநாட்டில் கிதார் பழகுவோர் முதலில் வாசித்துப் பார்க்கும் பாடல்களுள் ஒன்றாக நிலைத்தது. அங்கே வாசிப்போரில் எத்தனை பேர் அதன் தமிழ் மூலத்தை அறிவர் என்பது வேறு கதை.

கூச்சப்படும் மாணவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இன்று தேனி மாவட்டம். 1996 வரை மதுரை மாவட்டம். அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகச் சுற்றிய அந்த இளைஞர் சென்னை சென்று, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியல் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். தம் பெயரில் படங்களுக்கு இசையமைக்குமுன் பிறருடைய இசைக்குழுக்களில் கிதார் வாசித்தவர். ஆகவே ‘இளைய நிலா’வின் விரலோட்டத்தில் செவ்வியல் பயிற்சி ஏற்கெனவே கரைந்திருக்கிறது. திரைப்பாட்டை விட்டுச் செவ்வியலுக்கு ‘உயர்ந்து’விட்டதாக எண்ணும் மாணவன், உண்மையில் தான் கேட்ட முதல் பாட்டின் ஊற்றுக்கண்ணைத் தேடியே நடந்திருக்கிறான். படிநிலைத் தேர்வுக்குரிய சோர், ஜூலியானி, கர்காஸ்ஸி ஆகியோரின் பயிற்சித் துண்டுகளில் அவன் விரல்கள் பழகும் அசைவுகள் அவன் காதுக்குப் புதியவையல்ல.

அந்த வழியில் மூன்று நான்கு ஆண்டுகள் நடந்தவனுக்கு முன் அல்ஹம்ரா வந்து நிற்கிறது.

தாரெகா (1852–1909) அந்தலூசியாவில் பிறந்தவரல்லர். ஸ்பெயினின் கிழக்குக் கரையில் வில்லரெயால் என்னும் ஊரினர். பியானோவே இசைக்கருவிகளின் அரசனாக இருந்த காலத்தில், குறுங்குரல் கொண்ட கிதாரைக் கச்சேரி மேடைக்குத் தகுதியாக்கியவர்களுள் முதன்மையானவர். இன்று நாம் காணும் செவ்வியல் கிதாரின் உடலளவும் உள்ளமைப்பும் அவர் காலத்தில் வாழ்ந்த அல்மேரியாவின் அந்தோனியோ தெ தோர்ரெஸ் என்னும் தச்சர் வகுத்தவை. ‘அல்ஹம்ராவின் நினைவுகள்’ 1890களின் பிற்பகுதியில் உருவானது. இதன் கையெழுத்துப் படியொன்றில் ‘கிரனடாவுக்கு’ என்றும் ‘அரபுப் பாடல்’ என்றும் தலைப்பிடப்பட்டிருக்கிறது.

கிதாரின் பெரும் குறை, மீட்டிய சுரம் உடனே தேயத் தொடங்கிவிடுவது. குரலைப் போலவோ வயலினைப் போலவோ ஒரு சுரத்தை நிறுத்தி வளர்க்க அதனால் ஆகாது. தாரெகா இக்குறைக்கு முன் பணியவில்லை. மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல் மூன்றும் ஒரே நரம்பை அடுத்தடுத்து மிக விரைந்து மீட்ட, ஒரு சுரம் இறக்குமுன் மறு சுரம் பிறக்கிறது. கேட்போனுக்கு அறுபடாத ஒரு கோடாகத் தோன்றுகிறது. அதன் கீழே கட்டைவிரல் நிதானமாகப் பரந்த சுரங்களைத் தூவிச் செல்கிறது. கண்ணை மூடிக் கேட்டால் இருவர் வாசிப்பதாகவே தோன்றும். கச்சேரிக் குறிப்புகள் இதை அல்ஹம்ராவின் நீரூற்றுச் சத்தம் என்று எழுதும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேய்ந்துபோகும் ஒன்றைத் தேயவிடாமல் பிடித்துக்கொள்ள முயலும் கையின் நடுக்கமாகவே அது கேட்கிறது. இடையே ஒரு தகவல்: தாரெகா தம் பிற்காலத்தில் நகமின்றி விரற்சதையால், குடல்நரம்புகளின்மேல் வாசித்தார். இன்றைய ஒலிப்பதிவுகளில் நகமும் நைலானும் சேர்ந்து தரும் பளபளப்பை அவர் கேட்டிருக்க மாட்டார்.

இதில் அரபு எங்கே? தலைப்பில் இருக்கிறது. மகாமாத்தின் நுண்சுரங்கள் இல்லை. அரபுத் தாளச் சுழற்சிகள் இல்லை. முதற்பாதி ஏ மைனரில் துயருற்றுத் தொடங்கி, பின் ஏ மேஜருக்குத் திரும்பி இனிக்கிறது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கற்பனாவாதத்தின் அப்பட்டமான அமைப்பு இது. தாரெகாவே 1892இல் இயற்றிய ‘கப்ரீச்சோ அராபே’யில் கீழ்நாட்டுச் சாயல் கொண்ட அலங்காரங்களேனும் உண்டு, ‘நினைவுகள்’ அதையும் நாடவில்லை.

மைனரிலிருந்து மேஜருக்குத் திரும்பும் அந்த இடத்தில்தான் எனக்குத் தடை எழுகிறது. உலகெங்கும் கிதார் மாணவர்களை முதலில் கவரும் மற்றொரு படைப்பான ‘ரொமான்ஸ்’ஸிலும் இதே திருப்பம்தான். ஆக்கியவர் யாரென்று தீராத வழக்குள்ள இத்துண்டு, 1952இல் வந்த ‘விலக்கப்பட்ட விளையாட்டுகள்’ என்னும் பிரெஞ்சுத் திரைப்படத்தில் நார்சிஸோ யெபெஸின் கைவண்ணத்தால் பரவியது. ஆக, அங்கும் வாசலைத் திறந்தது திரைப்படமே. ஈ மைனரில் அழுது ஈ மேஜரில் ஆறுதல் கொள்கிறது. ‘ரொமான்ஸ்’ஸில் இது குற்றமில்லை, அது எவருடைய இழப்பையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அல்ஹம்ரா என்று பெயர் சூட்டிய பிறகு அந்த இனிப்புக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. 1492இல் கைமாறிய ஓர் அரண்மனை. 1609 முதல் 1614 வரை கப்பலேற்றி வெளியேற்றப்பட்ட மொரிஸ்கோ மக்கள். இந்த இழப்பை நேரடியாகப் பட்டவர்கள் அதை மேஜருக்கு மாற்றியிருக்க மாட்டார்கள். வென்றவர்களின் வழிவந்தோர், அச்சம் தீர்ந்த பிறகு, அழகாக நினைத்துப் பார்க்கும் நினைவு இது. அமெரிக்கரான வாஷிங்டன் இர்விங் 1829இல் அல்ஹம்ராவிலேயே தங்கி, 1832இல் அதைப் பற்றிக் கதைநூல் வெளியிட்டது முதல் ஐரோப்பா இந்த வகை நினைவில் திளைத்துக்கொண்டிருந்தது. தாரெகா அந்த மரபின் மிக நேர்த்தியான கலைஞர். நம் மரபின் வாரிசல்லர். அவர் அப்படி உரிமை கோரவும் இல்லை. கோருவது நாம்.

இனி ஸிர்யாப். பக்தாதிலிருந்து புறப்பட்டு, 822இல் கொர்தோபாவை அடைந்து, இரண்டாம் அப்துர் ரஹ்மானின் அவையில் சிறந்த பெரும் பாடகர், இதில் ஐயமில்லை. ஊதுக் கருவிக்கு ஐந்தாம் நரம்பு சேர்த்தார், மரத்துண்டுக்குப் பதில் கழுகிறகால் மீட்டினார் என்பனவும் அவரைப் பற்றிச் சொல்லப்படுவன. ஆனால் நம்மிடையே வழங்கும் ஸிர்யாப் கதையின் பெரும்பகுதி, திலிம்ஸானில் பிறந்த அல்மக்கரி 17ஆம் நூற்றாண்டில் எழுதிய நூல் வழியாக வந்தது. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஏறத்தாழ 800 ஆண்டுகள். அவருக்கு மூலமாக இருந்த 11ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு ஹய்யான், ஸிர்யாபோடு போட்டியிட்ட பிற பாடகர்களைப் பற்றியும் எழுதியிருந்தார். சுருக்கும்போது அவர்கள் மறைய, ஒற்றை மேதை எஞ்சினார் என்று அண்மைய ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஐந்தாம் நரம்பைப் பற்றிய சிந்தனையும் அதே நூற்றாண்டில் பக்தாதின் அல்கிந்தியிடம் காணப்படுகிறது.

ஊது கிதாரின் தந்தை என்பதும் அவ்வளவு நேரான வமிசாவளி அன்று. ஊதின் முதுகு பேரிக்காயைப் பிளந்தாற்போல் வளைந்தது. கழுத்தில் சுரக்கட்டைகள் இல்லை. கிதாரின் முதுகு தட்டை, சுரக்கட்டைகள் உண்டு. 14ஆம் நூற்றாண்டு ஸ்பானியக் கவிஞர் ஹுவான் ரூயிஸ் ‘மூரியக் கிதார்’, ‘லத்தீன் கிதார்’ என இரண்டைத் தனித்தனியே குறிப்பிடுகிறார். பெயர் மட்டும் கிரேக்க ‘கிதாரா’விலிருந்து அரபு ‘கீதாரா’ வழியாக ஸ்பானியத்துக்குப் போயிற்று என்பது பலர் கொள்கை. முஸ்லிம்களும் கிறித்தவர்களும் யூதர்களும் ஒரே அவையில் வாசித்த நாட்டில், ஒரு கருவிக்கு ஒரே தகப்பனைத் தேடுவது வீண் வேலை. பத்தாம் அல்ஃபோன்ஸோ மன்னரின் 13ஆம் நூற்றாண்டுப் பாடல் ஏட்டில், ஒரே ஓவியத்தில் மூரியரும் கிறித்தவரும் அடுத்தடுத்து அமர்ந்து கருவி மீட்டுவதைக் காணலாம். பெருமைப்பட வேண்டுமெனில் அந்த ஓவியத்தைப் பார்த்துப் பெருமைப்படலாம்.

அப்படியானால் கிரனடாவின் இசை எங்கே போயிற்று? மக்களோடு கடல் கடந்தது. மொரோக்கோவின் ஃபெஸ், தெத்துவான் நகரங்களில் நூபா என்னும் நெடுந்தொடர் வடிவில் வாழ்கிறது. தூனிஸில் மாலூஃப் என வழங்குகிறது. திலிம்ஸானிலும் உஜ்தாவிலும் ரபாத்திலும் அதன் பெயரே ‘கர்நாத்தி’, அதாவது கிரனடாவுக்குரியது. ஊதும் ரபாபும் வயலினும் தோல்கருவிகளும் சேர்ந்து குரல்களுக்குத் துணைபோகும் இசை அது. அல்ஜீரியக் குழுக்களில் ‘குவித்ரா’ என்றொரு நரம்புக் கருவி உண்டு. பெயரளவில் கிதாருக்குச் சொந்தம்; ஆனால் செவ்வியல் கிதாரைப் போல் தனிமையில் பேசுவதில்லை, கூட்டத்தில்தான் பேசுகிறது. கர்நாத்தியை முதன்முறை கேட்கும் நம் செவிக்கு அது எளிதில் இனிக்காது. நீண்டு செல்கிறது, தாளம் மெல்ல மெல்லத்தான் விரைகிறது, ஆறுதல் எதையும் அவசரமாகத் தருவதில்லை. அந்தலூசியா, அந்தலூசியா என்று உருகும் நம் கூட்டங்களில் ஒருமுறையேனும் இந்த இசையை ஒலிக்கவிட்டு நான் கேட்டதில்லை. தாரெகாவைக் கேட்டிருக்கிறேன், பலமுறை.

இந்த உருக்கம் நமக்கு வந்த வழியும் எண்ணத்தக்கது. அல்லாமா இக்பால் 1933இல் ஸ்பெயின் சென்று கொர்தோபாப் பள்ளிவாசலைப் பற்றி எழுதிய உருதுக் கவிதை, இந்திய முஸ்லிம் மனத்தில் அந்தலூசியாவை நிலையாக எழுப்பிவிட்டது. ஆனால் இக்பால் அங்கே நின்று காலத்தைப் பற்றியும் ஆக்கத்தைப் பற்றியும் சிந்தித்தார். நாம் சிந்தனையைக் கழித்துவிட்டு ஏக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஏக்கத்துக்குத் தாரெகாவின் இசை வெகு பொருத்தமாக அமைந்துவிட்டது.

மதுரைக்கும் கிரனடாவுக்கும் ஒரு மெய்யான தொடர்பு உண்டு. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. இப்னு பதூதா 1340களில் மஅபரின் தலைநகரான மதுரைக்கு வந்தார். அதை ஆண்ட கியாஸுத்தீன் தாமகானியின் மனைவியும் இப்னு பதூதா தில்லியில் மணந்த மனைவியும் உடன்பிறந்தோர். மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகளிர். உறவினர் ஆட்சி என்பதற்காகப் பயணி எதையும் மறைக்கவில்லை. சுல்தான் கைதிகளையும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை வெறுப்போடு பதிவு செய்தார். நகரை வாட்டிய கொள்ளைநோயையும் பதிவு செய்தார். சில ஆண்டுகள் கழித்து, 1350 வாக்கில், முதலாம் யூசுஃபின் கிரனடாவுக்கும் போனார். இன்று நாம் படங்களில் காணும் சிங்க முற்றம் அப்போது கட்டப்படவில்லை. அங்கே ஒரு தோட்டத்தில் அவர் தம் பயணங்களை விவரிக்கக் கேட்டோருள் இப்னு ஜுஸய் என்னும் இளம் எழுத்தாளரும் இருந்தார். பின்னர் ஃபெஸ் நகரில் பயணி சொல்லச் சொல்ல, 1355இல் அந்நூலை எழுதி முடித்தவர் இவரே. மதுரையின் நோயையும் குருதியையும் முதலில் அரபு உரைநடையில் வடித்தது ஒரு கிரனடாக்காரரின் கை. அந்த நினைவில் மேஜருக்குத் திரும்பும் பகுதி கிடையாது.

இவ்வளவும் சொன்னதால் ‘அல்ஹம்ராவின் நினைவுகள்’ வாசிக்கத்தக்கதன்று என்று யாரும் கொள்ள வேண்டாம். கிதாருக்கென எழுதப்பட்டவற்றுள் அதைப்போல் கருவியின் பலவீனத்தையே பலமாக்கியது வேறொன்றை நான் அறியேன். தலைப்பை மறந்து கேட்டால் அது இன்னும் உயர்கிறது. கிரனடாவில் வளர்ந்த அந்த்ரெஸ் செகோவியாவின் பழைய ஒலிப்பதிவில் அந்த நடுக்கம் சீராக இராது. ஒரு விரல் சற்றே முந்தும், ஒரு விரல் பிந்தும். இன்றைய போட்டி வாசிப்பாளர்களின் இயந்திர ஒழுங்கைவிட அதுவே எனக்கு உவப்பு.

‘இளைய நிலா’ இதனோடு ஒப்பிடத்தக்க அளவு பெரிய படைப்பா? இல்லை. நான்கு நிமிடத் திரைப்பாடல். படத்தின் தேவைக்குள் அடங்கியது. ஆயினும் அது எவருடைய வரலாற்றையும் கடன் வாங்கவில்லை; மைனரில் தொடங்கியதை ஏறக்குறைய மைனரிலேயே முடிக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து புறப்பட்ட ஒருவர் பாக்கையும் மேலை விரல்முறையையும் கற்றுவந்து, தம் மக்களின் மொழியில் திருப்பித் தந்தது அது. காஜிமார் தெருவிலும் நெல்பேட்டையிலும் வளர்ந்த பிள்ளையின் செவிக்குள் முதலில் விழுந்த கிதார் அதுதான் என்றால், அதைச் சொல்ல அவன் கூசவேண்டியதில்லை. ஸிர்யாபைத் துணைக்கு அழைக்க வேண்டியதும் இல்லை.

கோரிப்பாளையத்தில் தர்காவுக்குச் சற்றுத் தள்ளி எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் குடியிருக்கிறார். இரண்டாண்டுகளாகத் தாரெகாவின் அந்த நடுக்கத்தைப் பழகி வருகிறார். மோதிரவிரல் இன்னும் பிந்துகிறது. ஆசிரியர் வேகத்தைப் பாதியாக்கிப் பழகச் சொல்லியிருக்கிறார். இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் அப்படியே மெதுவாக வாசிப்பார். அந்த வேகத்தில் அது அல்ஹம்ராவாகவும் இல்லை, பாட்டாகவும் இல்லை. தனித்தனிச் சுரங்கள் மட்டும். கருவியை உறையில் இடுமுன், உள்ளறையிலிருந்து அவருடைய அத்தா கேட்பது ஒன்றைத்தான். அதை அவர் தவறில்லாமல் வாசிக்கிறார்.